அறியாமையா, அங்காடியா? கண்டியின் புகை ஒழிப்பு முயற்சிகள் பற்றிய ஒரு மறுப்பு

இலங்கையில் புகைபிடித்தல் குறைய வேண்டும் என்பதை இன்று வெளிப்படையாக மறுப்போர் அரிது. சுகாதார அமைச்சும் மாகாண சபையும், விகாரையும் கோவிலும், பள்ளிவாசலும் தேவாலயமும், பாடசாலையும் பல்கலைக்கழகமும் இவ்விடயத்தில் ஒரே பக்கம் நிற்கின்றன. மனிதர் ஏன் புகைக்கின்றனர் என்று கேட்கும்போதுதான் கருத்து வேறுபாடு எழுகிறது. கண்டி நகரிலும் அதைச் சூழ்ந்த பேராதனை, கட்டுகஸ்தோட்டை, கம்பளை, தெல்தெனியா முதலிய ஊர்களிலும் இக்கேள்விக்குச் சொல்லப்படும் விடை பெரும்பாலும் ஒன்றுதான்: புகைப்பவர் அதன் தீங்கை அறியாதவர், அல்லது அறிந்தும் மனவுறுதி அற்றவர், ஆகவே அவருக்கு எடுத்துச் சொல்வதே மருந்து. 'விழிப்புணர்வு' என்ற பெயரில் வழங்கும் இம்மருந்து, மே 31ஆம் திகதி உலகப் புகையிலை எதிர்ப்புத் தினத்தில் மாணவர் ஊர்வலமாகவும், சமுர்த்தி உத்தியோகத்தர் வழியாக விற்கப்படும் கொடியாகவும், சித்திரப் போட்டியாகவும் பேச்சுப் போட்டியாகவும், மாநகர மண்டபத்துக் கருத்தரங்காகவும் ஆண்டுதோறும் வந்து போகிறது. இவற்றை நடத்துவோரின் நல்லெண்ணத்தில் ஐயமில்லை. ஆனால் அவர்கள் சார்ந்து நிற்கும் கருத்து நோயின் காரணத்தைப் பிழையாகக் காண்கிறது என்பதும், அப்பிழையால் விற்பவர் பார்வையிலிருந்து தப்பி வாங்குபவர் மட்டும் குற்றவாளிக் கூண்டில் ஏற்றப்படுகிறார் என்பதும் இக்கட்டுரையின் வாதம்.

மறுக்க வேண்டிய கருத்தை முதலில் அதன் முழு வலிமையோடு எடுத்துரைப்பதே முறை. அது மூன்று கூறுகளைக் கொண்டது. புகைப்பவருக்குத் தீங்கு தெரியாது அல்லது போதிய அளவு தெரியாது என்பது முதலாவது. தெரியவந்தால் அவர் விடுவார், இளைஞரோ தொடங்கவே மாட்டார் என்பது இரண்டாவது. வரியை உயர்த்துதல், விற்பனையைக் கட்டுப்படுத்துதல், பயிர்ச்செய்கையை மாற்றுதல் முதலிய கடுமையான வழிகள் ஏழையை வருத்தி, கடத்தலை வளர்த்து, விவசாயியின் பிழைப்பைக் கெடுக்கும் என்பதால், மக்கள் மனம் மாறும்வரை அவற்றில் நிதானம் வேண்டும் என்பது மூன்றாவது. முதல் இரண்டும் பாடசாலை மேடைகளில் ஒலிப்பவை; மூன்றாவது பெரும்பாலும் பாதீட்டுக் காலங்களில் ஒலிப்பது. மூன்றும் ஒன்றையொன்று தாங்கி நிற்பவை.

அறியாமை உண்மையிலேயே காரணமாக இருந்த காலம் ஒன்று உண்டு. புகைபிடித்தலுக்கும் நுரையீரல் புற்றுநோய்க்கும் உள்ள தொடர்பை 1950இல் ரிச்சர்ட் டோல், பிராட்போர்ட் ஹில் என்னும் பிரித்தானிய ஆய்வாளர் இருவர் எடுத்துக்காட்டுவதற்கு முன், வைத்தியர்களே நோயாளிக்கு முன்னால் புகைத்தனர். 1964இல் அமெரிக்க அரசின் தலைமை மருத்துவர் அறிக்கை வெளிவந்த பின்னரே உலக அரசுகள் பல அசைந்தன. அக்காலத்தில் செய்தியே சிகிச்சை. ஆனால் இன்று கண்டி மணிக்கூட்டுக் கோபுரத்தடியில் சிகரட் பெட்டி ஒன்றை வாங்குபவரின் கையில், அப்பெட்டியின் முகப்பிலும் பின்புறத்திலும் 80 சதவீதப் பரப்பை அடைத்துக்கொண்டு அழுகிய வாயின் படமோ புற்று வைத்த நுரையீரலின் படமோ சிங்களம், தமிழ், ஆங்கிலம் ஆகிய மும்மொழி வாசகத்தோடு இருக்கிறது. அதைப் பார்த்துக்கொண்டே பணம் கொடுப்பவரிடம் தீங்கை அறிவித்துத் துண்டுப் பிரசுரம் நீட்டுவதால், அவர் அறியாத எதையும் அவருக்குச் சொன்னதாகாது.

அறியாமைக் கொள்கையை முற்றாகத் தகர்க்கும் சான்று நாட்டின் சொந்தக் கணக்கெடுப்பிலேயே கிடக்கிறது. தொற்றா நோய்களுக்கான ஆபத்துக் காரணிகளை அளக்க உலக சுகாதார நிறுவனத்தின் முறைப்படி 2015இல் நடத்தப்பட்ட 'ஸ்டெப்ஸ்' ஆய்வின்படி, வயதுவந்த ஆண்களில் 29.4 சதவீதத்தினர் புகைப்பவர்கள். பெண்களில் அது 0.1 சதவீதம். இருபாலாரும் ஒரே பாடசாலையில் ஒரே சுகாதாரப் பாடத்தைப் படித்தவர்கள், ஒரே தொலைக்காட்சியைப் பார்த்தவர்கள், ஒரே சுவரொட்டியைக் கடந்து நடந்தவர்கள். அறிவுதான் புகையைத் தடுக்கிறது என்றால், இலங்கைப் பெண்கள் ஆண்களைவிட ஏறத்தாழ முந்நூறு மடங்கு அறிவுடையவர்கள் என்று கொள்ள வேண்டிவரும். உண்மையில் பெண்ணைத் தடுப்பது சமூக அனுமதியின்மை. ஆணைத் தூண்டுவது சமூக அனுமதி. சிகரட்டை ஆண்மையோடும் தோழமையோடும் ஓய்வோடும் பிணைத்து வைத்திருக்கும் படிமம் ஒருவனுக்கு அதைக் கையில் கொடுக்கிறது. அதே படிமம் அவனுடைய சகோதரியின் கையிலிருந்து அதைப் பறிக்கிறது. பெண்ணின்மேல் சமூகம் வைக்கும் கட்டுப்பாடு போற்றத்தக்கது என்று இதற்குப் பொருளில்லை. எவரும் மருத்துவத் தரவைப் பார்த்து இப்பழக்கத்தை ஏற்பதோ விலக்குவதோ இல்லை என்பதே இதன் பொருள்.

அதே ஆய்வின் மற்றொரு வரி இம்முடிவை உறுதிப்படுத்துகிறது. புகையற்ற புகையிலையை, அதாவது வெற்றிலையோடு மெல்லும் புகையிலையைப் பயன்படுத்தும் பெண்கள் 5.3 சதவீதம், ஆண்கள் 26 சதவீதம். சிகரட்டைத் தொடாத பெண், சமூகம் முகம் சுளிக்காத இடத்தில் அதே புகையிலையை வாயில் அடக்கிக்கொள்கிறாள். கண்டியைச் சூழ்ந்த ஹந்தானை, கலஹா, தெல்தோட்டை, புசல்லாவை ஆகிய மலைத்தோட்டங்களில் வெற்றிலைப் பை தொழிலாளியின் இடுப்பில் உடையின் ஒரு பகுதிபோல இருப்பது. பாக்கு, சுண்ணாம்பு, பொயிலை மூன்றும் அதில் தவறாமல் இடம்பெறும். வாய்ப் புற்றுநோய் இலங்கை ஆண்களிடையே முன்னிலையில் உள்ள புற்றுநோய். அந்நோய் பற்றிய ஆய்வில் பேராதனைப் பல்கலைக்கழகப் பல் மருத்துவ பீடம் பல பத்தாண்டுகளாக ஈடுபட்டுவந்திருக்கிறது. புகையிலை சேர்ந்த வெற்றிலை மனிதருக்குப் புற்றுநோய் தருவது என 1985இலும், புகையிலை சேராத வெற்றிலையும் பாக்கும்கூட அத்தகையவையே என 2004இலும் பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமை வகைப்படுத்தியது. ஆயினும் மே 31 ஊர்வலத்துப் பதாகைகளில் முறிக்கப்படும் சிகரட்டே இருக்கும். மலைநாட்டுக் கொழுந்து பறிக்கும் பெண்ணின் வெற்றிலைப் பைக்கு அங்கே இடமிருப்பதில்லை.

இங்கே அறியாமைக் கட்சியினர் ஒரு தடையை எழுப்பலாம்: பாக்கின் தீங்கு தோட்டங்களில் போதிய அளவு தெரியவில்லை என்றால் அது விழிப்புணர்வின் தேவையைத்தானே காட்டுகிறது? அத்தடையில் ஓரளவு உண்மை உண்டு. சிகரட்டைப் பற்றிச் சொல்லப்பட்ட அளவுக்குப் பாக்கைப் பற்றிச் சொல்லப்படவில்லை. ஆனால் சொன்னால் மட்டும் என்ன நடக்கும் என்பதையும் எண்ண வேண்டும். விடியலின் குளிரிலும் மழையிலும் மலைச்சரிவில் நின்று, குறித்த கிலோ கொழுந்தை நிறுத்துக் கொடுத்தால்தான் முழு நாட்கூலி என்ற ஏற்பாட்டில், பசியையும் களைப்பையும் தள்ளிப்போடும் பொருளாக வெற்றிலை அங்கே வேலையோடு கட்டுண்டு கிடக்கிறது. 2016 செப்டம்பர் 1 முதல் புகையிலை கலந்த மெல்லும் கலவைகளின் இறக்குமதி, உற்பத்தி, விற்பனை ஆகியவற்றைத் தடை செய்த ஒழுங்குவிதி நகரத்துப் பளபளப்பான பொட்டலங்களைக் குறிவைத்தது; தோட்டத்துக் கடையில் வாழையிலைத் துண்டில் சுற்றித் தரப்படும் வெறும் பொயிலையோ அவ்விதிக்கு முன்பு போலவே கைமாறுகிறது. வேலை நேரமும் இடைவேளை உணவும் கடைச்சரக்கும் மாறாமல் வைத்துக்கொண்டு, தொழிலாளிக்குப் புற்றுநோய்ப் படம் காட்டுவது, ஓட்டை வாளியில் தண்ணீர் இறைத்துவிட்டுக் கிணற்றைக் குறை சொல்வதற்கு ஒப்பானது.

எந்த நடவடிக்கை பயன் தரும், எது தராது என்பதை அறிய நம்பகமான அளவுகோல் ஒன்று உண்டு: விற்பவர் எதை எதிர்க்கிறார் என்று பார்ப்பது. இலங்கையில் சட்டபூர்வமாகச் சிகரட் உற்பத்தி செய்யும் தனியுரிமை நிறுவனம் சிலோன் டொபாக்கோ கம்பனி. அதன் பங்குகளில் சுமார் 84 சதவீதத்தை பிரிட்டிஷ் அமெரிக்கன் டொபாக்கோ என்னும் பன்னாட்டு நிறுவனம் கொண்டுள்ளது. பாடசாலை ஊர்வலத்துக்கு எதிராகவோ பேச்சுப் போட்டிக்கு எதிராகவோ அக்கம்பனி நீதிமன்றப் படி ஏறியதில்லை. ஆனால் பெட்டியின் 80 சதவீதப் பரப்பில் பட எச்சரிக்கை இடவேண்டும் என்று சுகாதார அமைச்சு 2012இல் ஒழுங்குவிதி வெளியிட்டபோது வழக்குத் தொடுத்தது. மேன்முறையீட்டு நீதிமன்றம் 2014இல் அப்பரப்பை 50 முதல் 60 சதவீதம் என்று குறைத்தது. பாராளுமன்றம் 2015இல் சட்டத்தைத் திருத்தி 80 சதவீதத்தை மீண்டும் நிலைநாட்டியது. பெட்டியின் படம் வெறும் செய்தி என்றால், சில அங்குலத்துக்காக இவ்வளவு போராட்டம் எதற்கு? சிகரட் விளம்பரத்தைச் சட்டம் தடுத்த பின் எஞ்சியிருந்த ஒரே விளம்பரப் பலகை பெட்டிதான். படம் அதன்மேல் ஏறியபோது, வாசகருக்குப் புதிதாக ஒன்று தெரியவந்ததைவிட, பொன்னிறப் பெட்டியின் கவர்ச்சி பறிபோனதே கம்பனியைச் சுட்டது. எச்சரிக்கைப் படமும் அறிவூட்டல் என்னும் பட்டியலில் சேர்வதல்ல. சந்தைப்படுத்தலுக்கு இடப்பட்ட தடை அது.

மறுபுறத்தில், அறிவூட்டல் மட்டும் நடக்கும் இடத்தில் புகையிலை நிறுவனங்கள் எதிர்ப்பதற்குப் பதிலாக நிதியும் தந்திருக்கின்றன. அமெரிக்காவில் பிலிப் மொரிஸ் நிறுவனம் 1998இல் இளைஞரைப் பார்த்துச் 'சிந்தியுங்கள், புகைக்காதீர்கள்' என்று சொல்லும் பெரும் தொலைக்காட்சிப் பிரசாரத்தைத் தானே தொடங்கியது. அதைப் பார்த்த இளைஞரிடம் புகைக்கும் எண்ணம் குறையவில்லை, புகையிலை நிறுவனங்கள் மீதான நல்லெண்ணமே கூடியது என 2002இல் வெளியான ஆய்வு காட்டியது. 'முடிவு உன் கையில்' என்று சொல்லும் ஒவ்வொரு பிரசாரமும், பொருளை ஆக்கி, விலை குறித்து, கடைதோறும் கொண்டுசேர்த்தவரின் கையை மறைத்துவிடுகிறது. கண்டியின் மேடைகளில் இதே தொனியில் பேசுவோர் எவரிடமும் பணம் வாங்காதவர்கள். ஆயினும் அப்பேச்சின் விளைவு வேறல்ல.

இனி அங்காடியை நெருங்கிப் பார்க்கலாம். கண்டி நகரப் பஸ் நிலையங்களைச் சுற்றியுள்ள பெட்டிக்கடை ஒன்றின் அமைப்பு எல்லாரும் அறிந்தது: பிஸ்கட்டும் இனிப்பும் சிறுவரின் உயரத்தில் தொங்கும், அவற்றுக்கு அருகில், பணம் வாங்கும் கைக்கு எட்டும் தூரத்தில், திறந்த சிகரட் பெட்டி இருக்கும், தூணில் நூலில் கட்டிய லைட்டரோ புகைந்துகொண்டிருக்கும் கயிறோ தொங்கும். பஸ் புறப்படுவதற்குள் ஒன்றை வாங்கிப் பற்றவைத்து முடிக்க வேண்டியவருக்குப் பெட்டி தேவையில்லை. ஒற்றைச் சிகரட் போதும். ஒற்றையாக வாங்குபவர் 80 சதவீதப் படத்தைக் காண்பதுமில்லை, பெட்டி விலையை ஒருசேரக் கொடுப்பதுமில்லை. பாடசாலைவிட்டுச் செல்லும் மாணவனின் பஸ் காசிலிருந்து ஒன்று வாங்க முடிவதும் இதனால்தான். 21 வயதுக்குக் குறைந்தவருக்கு விற்பது 2006ஆம் ஆண்டின் 27ஆம் இலக்க, புகையிலை மற்றும் மதுசாரம் மீதான தேசிய அதிகார சபைச் சட்டத்தின்கீழ் குற்றம். ஆனால் மதுக்கடைக்கு இருப்பதுபோல எண்ணிக்கையும் இடமும் வரையறுத்த விற்பனை ஏற்பாடு சிகரட்டுக்கு நடைமுறையில் இல்லாமல், தேநீர்க் கடையும் பழக்கடையும் பலசரக்குக் கடையும் விரும்பியபடி விற்கும் நிலையில், யாரிடம் போய் வயதைச் சோதிப்பது? நகரத்தில் டெங்கு நுளம்புப் பரிசோதனையும் உணவகப் பரிசோதனையும் ஏற்கெனவே சுமத்தப்பட்ட பொதுச் சுகாதாரப் பரிசோதகரின் தலையில் இதுவும் ஏற்றப்பட்டிருக்கிறது.

விலை என்ன செய்யும் என்பதற்கு நாடு தானே ஒருமுறை சோதனை நடத்திப் பார்த்தது. 2016இன் இறுதியில் கலால் வரி உயர்ந்து, பெறுமதி சேர் வரியும் சிகரட்டின்மீது விதிக்கப்பட்டபோது, அதிகம் விற்பனையாகும் கோல்ட் லீஃப் சிகரட் ஒன்றின் விலை 35 ரூபாயிலிருந்து 50 ரூபாயாக ஏறியது. மறு ஆண்டில் விற்பனை வீழ்ந்ததைக் கம்பனியின் அறிக்கையே ஒப்புக்கொண்டது. எத்தனை ஊர்வலங்கள் அதைச் சாதித்திருக்கும் என்று கேட்பது நியாயம். உலக வங்கி 1999இல் செய்த மதிப்பீட்டின்படி, விலை 10 சதவீதம் ஏறினால் வருமானம் குறைந்த, நடுத்தர நாடுகளில் நுகர்வு ஏறத்தாழ 8 சதவீதம் குறையும். பின்வந்த மதிப்பீடுகள் அதனை 5 சதவீதம் அளவில் நிதானமாகச் சொல்கின்றன. குறைந்த எண்ணையே எடுத்துக்கொண்டாலும், அது வேறெந்த நடவடிக்கையையும்விட உறுதியான பலன். ஆனால் இலங்கையின் கலால் வரி சிகரட்டின் நீளத்தைப் பொறுத்துப் பல படிகளாக விதிக்கப்படுகிறது. நீண்டதற்குக் கூடுதலும் குட்டைக்குக் குறைவுமான வரி, விலை ஏறும்போது புகைப்பவரை விடச் செய்வதற்குப் பதிலாகக் குட்டைச் சிகரட்டுக்கு இறங்கச் செய்கிறது. பணவீக்கத்தோடும் வருமான வளர்ச்சியோடும் தானாக ஏறும் சூத்திரத்தால் வரியை நிர்ணயிக்க வேண்டும் என்று கொழும்பிலுள்ள வெரிடே ரிசேர்ச் என்ற ஆய்வு நிறுவனம் தொடர்ந்து வற்புறுத்திவருவது இக்காரணத்தாலேயே. சம்பளம் ஏறும் வேகத்தில் வரி ஏறாத ஒவ்வோர் ஆண்டும் சிகரட் மலிவாகிறது; அம்மலிவைப் பற்றி எந்த விழிப்புணர்வு மேடையிலும் பேச்சில்லை.

வரி ஏழையை வதைக்கும் என்ற தடைக்கு விடை கூறுவது கடினமல்ல. விலை ஏறும்போது முதலில் விடுபவரும் தொடங்காமல் நிற்பவரும் குறைந்த வருமானமுள்ளவரும் இளைஞருமே என்பது விலை பற்றிய ஆய்வுகளில் மீண்டும் மீண்டும் கண்ட முடிவு. நோயின் செலவும் சம்பளமிழப்பும் அதிகம் தாக்குவதும் அவர்களையே. ஏழையின்பால் உண்மையான கரிசனை இருப்பின், வரியில் ஒரு பங்கை ஒதுக்கி, விட விரும்புவோருக்கு உதவும் ஆலோசனையையும் நிகொட்டின் மாற்று மருந்தையும் அரச வைத்தியசாலைகளிலும் தோட்ட வைத்திய நிலையங்களிலும் இலவசமாகக் கிடைக்கச் செய்யும்படி கேட்க வேண்டும். 1948 என்ற தொலைபேசி எண்ணில் தேசிய அதிகார சபை நடத்தும் ஆலோசனைச் சேவை நல்லதொரு தொடக்கம்; அதற்கு அப்பால் செல்லும் கடமை அரசுக்கு உண்டு. புகைப்பவருக்குக் கைகொடுக்காமல் அவருக்காகப் பரிந்து வரியைத் தாழ்த்தச் சொல்பவரின் பரிவு, அவர் தொடர்ந்து வாங்குவதற்கே பயன்படும்.

கடத்தல் பற்றிய தடை இதைவிட வலுவானது. அதை எள்ளி ஒதுக்கக் கூடாது. வெளிநாட்டுச் சிகரட் சட்டவிரோதமாக வருவதும், இந்தியாவிலிருந்து பீடி இலை மன்னார், புத்தளம் கரைகளில் இறங்குவதும், கடற்படை அவ்விலைகளை அடிக்கடி கைப்பற்றுவதும் உண்மை. ஆனால் கடத்தலின் அளவு பற்றிப் பாதீட்டுக்கு முன் ஒலிக்கும் மதிப்பீடுகள் பெரும்பாலும் வரி உயர்வால் நட்டமடைவோர் தரப்பிலிருந்தே வருகின்றன என்பதை மறக்கலாகாது. புகையிலைப் பொருட்களின் சட்டவிரோத வணிகத்தை ஒழிக்கும் பன்னாட்டு நெறிமுறையில் இலங்கை 2016இல் இணைந்தது. பெட்டிதோறும் அடையாளக் குறியும் கண்காணிப்பும் வேண்டும் என்பதே அந்நெறிமுறையின் சாரம். கள்வன் இருக்கிறான் என்றால் காவலைக் கூட்டுவதே முறை. அவனுக்காகச் சட்டபூர்வமான பொருளை மலிவாக்குவது விடையாகாது. பீடியைப் பொறுத்தவரை தவறு வேறிடத்தில் இருக்கிறது: சிகரட்டுக்கு நிகரான வரிச்சுமை பீடிக்கு இல்லை, ஆகவே சிகரட் விலை ஏறும்போது ஏழைத் தொழிலாளி பீடிக்கு இறங்குகிறார். அதற்கு மருந்து இரண்டின் வரியையும் ஒன்றுக்கொன்று நெருங்கச் செய்வது.

விவசாயி பற்றிய தடை கண்டிச் சுற்றுவட்டாரத்தில் தனி அழுத்தத்தோடு பேசப்படுகிறது. கண்டி, மாத்தளை, ஹங்குராங்கெத்தை ஆகிய பகுதிகளின் மலைச்சரிவுகளில் புகையிலை நெடுங்காலம் பயிரானது. கம்பனியின் இலை பதப்படுத்தும் ஆலையும் கண்டியிலேயே அமைந்தது. உழவர் இப்பயிரை நாடுவது அதன்மீது காதலால் அல்ல. விதையும் உரமும் முற்பணமாகக் கிடைக்கின்றன. விளைந்ததை வாங்க ஆள் உண்டு. விலை முன்கூட்டியே தெரியும். கத்தரிக்கும் மிளகுக்கும் அத்தகைய உறுதி இல்லை. அதேவேளை செங்குத்தான சரிவில் ஒரு பருவத்துக்குள் உழுது நட்டுப் பிடுங்கப்படும் இப்பயிர் மேல் மகாவலி நீரேந்து பகுதியின் மண்ணை அரித்துப் பொல்கொல்லை, விக்டோரியா நீர்த்தேக்கங்களை நோக்கி அனுப்புவதில் பங்கெடுத்தது. சூளையில் இலை உலர்த்தும் முறை விறகையும் தின்றது. புகையிலைச் செய்கையை 2020க்குள் நிறுத்துவதாக ஜனாதிபதி மைத்திரிபால சிறிசேனவின் ஆட்சியில் அறிவிக்கப்பட்டது. காலக்கெடு கடந்தும் பயிர் நின்றபாடில்லை. காரணம், அறிவிப்பு உழவருக்கு அறிவுரை தந்ததே அன்றி, முற்பணமும் உறுதியான கொள்வனவும் தரும் வேறொரு கையை நீட்டவில்லை. நகரத்தில் புகைப்பவரிடம் செய்யப்படும் அதே பிழை வயலில் உழவரிடமும் செய்யப்பட்டது: நிலைமையை மாற்றாமல் மனத்தை மட்டும் மாற்ற முயன்றது.

அவ்வாறாயின் சமூகத்துக்கு இதில் வேலையே இல்லையா? உண்டு, ஆனால் அந்த வேலை அறிவுரை சொல்வதல்ல. 2019 அளவில் நாட்டின் 107 சிறு நகரங்களில் வியாபாரிகள் சிகரட் விற்பதை நிறுத்தியிருந்ததாகச் சுகாதாரத் தரப்பு அறிவித்தது. அவற்றில் 22 நகரங்களோடு யாழ்ப்பாண மாவட்டம் முன்னணியில் நின்றது. பொதுச் சுகாதாரப் பரிசோதகர்கள் அங்கே புகைப்பவரின் வீட்டுக் கதவைத் தட்டவில்லை. கடைக்காரர் சங்கத்தோடு பேசினர். கடைக்காரர் தம் அடுக்கிலிருந்து ஒரு சரக்கை எடுத்துவிட்டனர். இவ்வழி இந்நாட்டுக்குப் புதிதுமல்ல. 1904இலும் 1912இலும் எழுந்த மதுவிலக்கு இயக்கம் குடிகாரரைத் திருத்துவதோடு நிற்காமல், மதுக்கடை திறக்கும் காலனி அரசின் கொள்கையை எதிர்த்தது. அதன் தொடர்ச்சியாக, ஓர் ஊரின் வாக்காளர் வாக்கெடுப்பின்மூலம் தம் ஊர் மதுக்கடையை மூடச் செய்யும் ஏற்பாடு நடைமுறைக்கு வந்து, யாழ்ப்பாணம் உட்படப் பல இடங்களில் தவறணைகள் மூடப்பட்டன. 1987இல் தோன்றிய மதுசாரம் மற்றும் போதைப்பொருள் தகவல் நிலையம் கிராமங்களில் செய்துவந்த பணியும் இத்திசையிலேயே நகர்ந்தது: தீங்கைப் பட்டியலிடுவதைவிட, சிகரட்டுக்கு வீரமும் கவர்ச்சியும் எங்கிருந்து பூசப்படுகின்றன என்று இளைஞரையே ஆராயச் செய்வது.

கடையை மூடினால் அடுத்த ஊரில் வாங்குவார் என்பார்கள். வாங்கட்டும், அதற்காக நடக்க வேண்டிய தூரமும் செலவிட வேண்டிய நேரமுமே அந்நடவடிக்கையின் பயன். விடத் துணிந்தவர் தளரும் கணத்தில் கைக்கெட்டும் தூரத்தில் பெட்டி இல்லாமலிருப்பதும், பதினைந்து வயதுப் பையன் பாடசாலை செல்லும் வழியில் அதைக் காணாமலிருப்பதும் போதும். இதனால் முழுத் தடை வேண்டும் என்ற முடிவுக்கும் தாவக் கூடாது. பூட்டான் 2004இல் புகையிலை விற்பனையை அடியோடு தடை செய்து, கடத்தலோடு நெடுங்காலம் மல்லாடி, கொவிட் பெருந்தொற்றுக் காலத்தில் அத்தடையைத் தளர்த்திக்கொண்டது. பழகியவரைக் குற்றவாளியாக்கும் முழுத் தடையும், பழகியவரைப் பாமரனாக்கும் விழிப்புணர்வும் சுமையை அதே தோளில்தான் வைக்கின்றன.

நேர்மையாக ஒன்றை ஏற்றுக்கொள்ள வேண்டும்: மக்களுக்கு எச்சரிக்கை தருவதை உலக சுகாதார நிறுவனமும் பயனுள்ள வழிகளில் ஒன்றாகவே கொள்கிறது. 2008இல் அந்நிறுவனம் வகுத்த செயற்றொகுதியில் ஆறு வழிகள் உள்ளன: பயன்பாட்டைக் கண்காணித்தல், பிறர் புகையிலிருந்து மக்களைக் காத்தல், விடுவதற்கு உதவுதல், எச்சரித்தல், விளம்பரத்தைத் தடுத்தல், வரியை உயர்த்துதல். எச்சரித்தல் ஆறில் ஒன்று; எஞ்சிய ஐந்தோடு சேர்ந்து நடக்கும்போது அதற்கு வலிமையுண்டு. கண்டியில் நேர்ந்தது அந்த ஒன்று மற்ற ஐந்தையும் விழுங்கியதே. ஊர்வலத்துக்குச் செலவு குறைவு, எதிரி இல்லை, படம் எடுக்கலாம், மறுநாள் பத்திரிகையில் வரும். விற்பனைக் கட்டுப்பாட்டுக்கோ கடைக்காரரின் மனக்கசப்பும், கம்பனியின் சட்டத்தரணியும், நிதி அமைச்சின் கணக்கும் எதிரே நிற்கும். எளிதானதே நல்லது என்று நம்புவதற்கு நிர்வாகங்களுக்குக் காரணம் போதியளவு உண்டு.

பொது இடங்களில் புகைத்தல் பற்றிய சட்டம் இந்த எளிமைத் தேட்டத்தின் மற்றொரு சாட்சி. 2006ஆம் ஆண்டுச் சட்டம் மூடிய பொது இடங்களில் புகைப்பதைத் தடுத்தது. ஆனால் 30 அறைகளுக்குக் குறையாத விடுதிகளுக்கும், பெரிய உணவகங்களுக்கும் புகைப்போருக்குத் தனியிடம் ஒதுக்க இடமளித்தது. சுற்றுலாவை நம்பி வாழும் கண்டிக்கு இவ்விலக்கு சிறிதல்ல: அவ்விடங்களில் மேசை துடைக்கும் ஊழியர் எட்டு மணிநேரம் சுவாசிப்பது விருந்தினர் விட்ட புகையை. அவருக்குப் புகையின் தீங்கு தெரியும். தெரிந்ததால் அவருக்கு ஆகப்போவது ஒன்றுமில்லை. மலைகள் சூழ்ந்த தாழ்நிலத்தில் வாகனப் புகையே வெளியேற வழியின்றித் தேங்கும் நகரம் இது. அதன் உட்காற்றையாவது சட்டம் முழுமையாகக் காக்க வேண்டும்.

ஆகவே கண்டி மாநகர சபைக்கும், சூழவுள்ள பிரதேச சபைகளுக்கும், சுகாதார வைத்திய அதிகாரி பணிமனைகளுக்கும், தோட்ட நிர்வாகங்களுக்கும் வைக்க வேண்டிய கோரிக்கைகள் தெளிவானவை. பாடசாலைகளையும் பஸ் நிலையங்களையும் வழிபாட்டு இடங்களையும் சுற்றிச் சிகரட் விற்பனை இல்லாத வட்டங்களை வியாபாரிகள் சங்கங்களோடு பேசி உருவாக்குதல். விற்பனைக்கு உரிமம் வேண்டும் என்றும் ஒற்றைச் சிகரட் விற்கக் கூடாது என்றும் சட்டத்தில் இடம்பெறும்படி மத்திய அரசை நெருக்குதல். தோட்டக் கடைகளில் பொயிலை விற்பனையைக் குறைத்து, வேலை இடைவேளையில் தேநீரும் உணவும் உறுதிசெய்து, வாய்ப் பரிசோதனையைத் தோட்ட வைத்திய நிலையத்துக்குக் கொண்டுவருதல். சிகரட், பீடி இரண்டின் வரியும் ஆண்டுதோறும் சூத்திரப்படி ஏறும்படி வாக்குக் கேட்டு வருவோரிடம் வாக்குறுதி பெறுதல். இவற்றில் எதுவும் புகைப்பவரை இழிவுபடுத்தவில்லை, எதுவும் அவரிடம் அவர் அறிந்ததையே திரும்பச் சொல்லவில்லை. அடுத்த மே 31ஆம் திகதி இந்நிறுவனங்கள் தம் பணியை மதிப்பிட விரும்பினால், ஊர்வலத்தில் எத்தனை பேர் நடந்தனர் என்று எண்ணுவதை விட்டு, கடந்த ஆண்டு சிகரட் விற்ற கடைகளில் எத்தனை இவ்வாண்டு விற்கவில்லை என்று எண்ணட்டும். அவ்வெண் பூச்சியம் என்றால், அந்த ஆண்டில் புகைக்கு எதிராக நகரத்தில் எதுவும் நடக்கவில்லை என்றே கணக்கெழுதட்டும்.